பங்களாவில் நின்றால் பொக்கிஷம், சந்தில் ஓடினால் ஓட்டை உடைசலா?

ஒரே ஆண்டில், ஒரே தொழிற்சாலையில் செய்யப்பட்ட இரண்டு பிக்கப் வண்டிகளை எண்ணிப் பாருங்கள். இரண்டுக்கும் வயது 50. ஒன்று செல்வர் வீட்டுக் கொட்டகையில் நிற்கிறது. பல லட்சம் செலவழித்துப் புதுப்பித்து, கண்ணாடிபோல் வண்ணம் அடித்து, ஆண்டுக்கு ஓரிரு முறை பழைய கார் அணிவகுப்புக்கு எடுத்துச் செல்கிறார்கள். மற்றொன்று விடியற்காலை மூன்று மணிக்குக் காய்கறிச் சந்தைக்குப் போகிறது. பகலில் தண்ணீர் டிரம், மரப்பலகை, இரும்புக் கம்பி. இரவில் கல்யாண வீட்டுப் பாத்திரம். அதன் வருமானத்தில் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறது. அதுவும் புதுப்பிக்கப்பட்ட வண்டிதான். வருஷம் தவறாமல் லேத்துப் பட்டறையிலும், வெல்டிங் கடையிலும், டிங்கரிங் மேஸ்திரியின் கையிலும் புத்துயிர் பெற்று வருவதுதான்.

முதல் வண்டிக்குச் சட்டம் சலாம் போடுகிறது. இரண்டாவது வண்டியின் கழுத்தைப் பிடித்துக் காயலான் கடைப் பக்கம் தள்ளுகிறது. இந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? வண்டியிலா, வண்டியின் சொந்தக்காரரிலா? இதைத்தான் நாம் சிந்திக்க வேண்டியிருக்கிறது.

50 வயது வண்டி தினசரி ஓடுவது இன்று அபூர்வம் என்பது உண்மையே. நம்மவர் கையில் இருப்பவை பெரும்பாலும் 15, 20, 25 வயதைத் தொட்டவை. ஆனால் கேள்வி எல்லாவற்றுக்கும் ஒன்றே. பழைய வண்டியைச் சீர்செய்து நித்தம் ஓட்டிப் பிழைப்பது குற்றமா, உரிமையா?

வண்டியோடு வந்த வரலாறு

மும்பையில் வாழும் தமிழர்கள் சிறிய சரக்கு வண்டி எதைக் கண்டாலும் 'டெம்போ' என்றே சொல்கிறோம். அது ஒரு ஜெர்மன் வண்டியின் பெயர். 1958-இல் பஜாஜ் டெம்போ நிறுவனம் ஜெர்மனியின் விடால் நிறுவனத்தோடு சேர்ந்து கோரேகாவில் மூன்று சக்கர வண்டியைச் செய்யத் தொடங்கியது. பின்னால் மேட்டடார் வந்தது. வண்டியின் பெயரே தொழிலின் பெயராகிவிட்டது.

அதற்கும் முன்னால், 1944-இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், குர்லாவில் அமெரிக்கக் கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ், பார்கோ வண்டிகளைச் செய்தது. மஹிந்திரா நிறுவனம் 1940-களின் இறுதியில் வில்லிஸ் ஜீப்பைப் பம்பாயில் பொருத்தத் தொடங்கி, அதே குடும்பத்தில் பிக்கப் வண்டிகளையும் தந்தது. சென்னைச் செம்பியத்தில் சிம்ப்சன் தொழிற்சாலை செய்த பெர்கின்ஸ் டீசல் எஞ்சின், பெட்ரோல் குடித்துத் தீர்த்த எத்தனையோ அமெரிக்க வண்டிகளுக்கு மறுபிறவி கொடுத்தது.

இந்த வண்டிகளை 20, 30 ஆண்டுகள் ஓட வைத்தது யார்? உதிரிப் பாகம் கிடைக்காதபோது லேத்தில் கடைந்து கொடுத்தவன், ஒடிந்த பட்டையை நெருப்பில் காய்ச்சி மறுபடி வளைத்தவன், ஒரு வண்டியின் கியர் பாக்ஸை இன்னொன்றுக்குப் பொருத்தக் கற்றவன். பள்ளிக்கூடம் பார்க்காத இந்தப் பொறியாளர்களில் மராட்டியர் உண்டு, உத்தரப் பிரதேசத்து முஸ்லிம் மிஸ்திரி உண்டு, நம் தமிழரும் உண்டு. புது வண்டி வாங்கப் பணமில்லாத நாட்டில் சரக்குப் போக்குவரத்தைத் தாங்கிப் பிடித்தது இந்தக் கைகள்தாம். பங்களாவில் நிற்கும் வண்டிக்குப் புத்துயிர் கொடுப்பதும் இதே கைகளே என்பதை மறந்துவிடலாகாது.

ஒரே ஆண்டில் இரண்டு நீதி

2021-ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு ஜூலை மாதம் மத்திய அரசு 'விண்டேஜ்' வாகனங்களுக்கென்று தனி விதிகளை வெளியிட்டது. 50 ஆண்டுக்கு மேற்பட்ட, சொந்த உபயோகத்துக்கான இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்குத் தனிப் பதிவு, 'வி.ஏ.' என்ற எழுத்துடன் தனி எண். புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். நிபந்தனை என்ன தெரியுமா? வண்டி ஆதி உருவத்திலேயே இருக்க வேண்டும். சேசிஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. கண்காட்சி, அணிவகுப்பு, ஆராய்ச்சி, எண்ணெய் போடுதல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். தினசரி உபயோகத்துக்கோ வியாபாரத்துக்கோ ஓட்டக் கூடாது.

அதாவது, வேலை செய்யாமல் நின்றால்தான் மரியாதை! உழைத்தால் மரியாதை போய்விடும். பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் எஞ்சின் வைத்து வண்டியைக் காப்பாற்றினானே உழைப்பாளி, அவன் செய்த காரியமே அந்த வண்டியை இந்தப் பட்டியலுக்குத் தகுதியற்றதாக ஆக்கிவிடுகிறது.

அடுத்த மாதம், ஆகஸ்ட் 13 அன்று, பிரதமர் வாகன அழிப்புக் கொள்கையைத் தொடங்கி வைத்தார். பழைய வண்டியை ஒப்படைத்தால் பழைய இரும்பு மதிப்பாக, புது வண்டி விலையில் நூற்றுக்கு 4 முதல் 6 வரை கிடைக்கும் என்றார்கள். புது வண்டி வாங்கினால் சாலை வரியில், சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரையும், வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரையும் சலுகை என்றார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்து லட்ச ரூபாய் வண்டிக்கு 40,000 முதல் 60,000 ரூபாய். மீதி ஒன்பது லட்சத்துக்கு மேல் எங்கே போவது? சலுகை யாருக்கு? புதிது வாங்க வசதி உள்ளவனுக்கு. வாங்க வசதியில்லாதவன் வண்டியையும் இழந்து, வேறொருவன் வண்டிக்கு ஓட்டுநராகப் போகிறான். நேற்று முதலாளி, இன்று கூலி.

இந்தக் கொள்கை வயதைப் பார்ப்பதில்லை, எப்.சி. பரிசோதனையில் தேறாத வண்டியைத்தான் அழிக்கச் சொல்கிறது என்று அரசு சொல்கிறது. ஏட்டில் அது சரியே. ஆனால் கட்டணத்தைப் பாருங்கள். 2022 ஏப்ரலில் 15 வயதான காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆயிற்று. 2025 ஆகஸ்டில், 20 வயது தாண்டிய இலகு வாகனத்துக்கு 10,000 என்றார்கள். அதே ஆண்டு நவம்பரில், 20 வயது தாண்டிய வண்டிகளின் எப்.சி. கட்டணம் இலகு வாகனத்துக்கு 15,000 என்றும், பெரிய லாரிக்கு 25,000 என்றும் ஏறியது. பரிசோதனையில் தேறும் நல்ல வண்டிக்கும் இதே கட்டணம்தான். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியைத் தொட்டுப் பார்க்கும் முன்பே, கட்டணச் சீட்டு அதைத் தோற்கடித்துவிடுகிறது.

தில்லியில் வாழும் நம்மவர் நிலை இன்னும் கடுமை. 10 வயதான டீசல் வண்டியும், 15 வயதான பெட்ரோல் வண்டியும் தலைநகர் வட்டாரத்தில் ஓடக் கூடாது என்ற பசுமைத் தீர்ப்பாயத்தின் உத்தரவை 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலை முதல் தேதி, இப்படிப்பட்ட வண்டிகளுக்கு எண்ணெயே போடக் கூடாது என்றார்கள். பொதுமக்கள் கொதித்தெழுந்ததும் சில நாட்களிலேயே பின்வாங்கினார்கள். ஆகஸ்டில் நீதிமன்றம் நடவடிக்கையை நிறுத்தி வைத்தது. டிசம்பரில் அந்தப் பாதுகாப்பை பாரத் ஸ்டேஜ் 4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும் என்று சுருக்கியது. காரை வைத்திருந்த நடுத்தர வர்க்கம் பத்திரிகைகளில் எழுதியது, வழக்காடியது, ஓரளவு நிவாரணமும் பெற்றது. அதனினும் பழைய டெம்போவை ஓட்டிப் பிழைப்பவனின் குரல் எந்தப் பத்திரிகையில் வந்தது?

நித்தம் ஓடுவதாலேயே வாழ்பவை

பழைய வண்டி தினசரி வேலைக்கு உதவாது என்பார்க்கு இரண்டு உதாரணங்கள் போதும்.

மேற்கு வங்கத்தில் டார்ஜிலிங்குக்கு அப்பால் மானேபஞ்சன் என்ற மலைச் சிற்றூர். அங்கிருந்து 3,636 மீட்டர் உயரமுள்ள சந்தக்பூவுக்குச் செங்குத்தான பாதை. தேயிலைத் தோட்டத் துரைமார் விட்டுச் சென்ற, 1950-களில் பிரிட்டனில் செய்த லேண்ட் ரோவர் வண்டிகளை அவ்வூர் ஓட்டுநர்கள் பல தலைமுறைகளாகக் காப்பாற்றி, ஆட்களையும் அரிசி மூட்டைகளையும் அந்தப் பாதையில் ஏற்றி வந்திருக்கிறார்கள். அவற்றின் எண்ணிக்கை இன்று குறைந்துவிட்டது. ஆயினும் அவை அழியாமல் நின்றதற்குக் காரணம், அவை ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போனதுதான்.

அடுத்தது கியூபா. 1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. புது அமெரிக்க வண்டியும் உதிரிப் பாகமும் நின்று போயின. 2011 வரை, புரட்சிக்கு முந்தைய வண்டிகளை மட்டுமே தனியார் தாராளமாக வாங்கவும் விற்கவும் முடிந்தது. அந்த மக்கள் அமெரிக்க வண்டிகளில் சோவியத் எஞ்சினையும் டீசல் எஞ்சினையும் பொருத்தி, பங்கு டாக்சியாகவும் ஊர்விட்டு ஊர் போகும் பயணி லாரியாகவும் ஓட்டினார்கள். உலகம் அதைப் பார்த்து வியக்கிறது. சுற்றுலாப் பயணி படம் எடுக்கிறான். அதே காரியத்தைக் குர்லாவில் ஒரு மிஸ்திரி செய்தால், அதற்குப் பெயர் சட்ட விரோதம்!

இயந்திரமும் மனிதனைப் போலத்தான். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் ரப்பர் காய்ந்து வெடிக்கும், பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும், பேட்டரி செத்துப் போகும், டாங்கியில் எண்ணெய் பிசினாகும். நாள்தோறும் ஓடும் வண்டியில் கோளாறு சிறிதாக இருக்கும்போதே ஓட்டுநரின் காதுக்குத் தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கத்து நியாயம்

இங்கே நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்ளக் கூடாது. பழைய வண்டியின் புகை யார் மூக்கில் போகிறது? மாடி வீட்டில் குளிர்சாதனப் பெட்டிக்குக் கீழே உறங்குபவன் மூக்கிலா? இல்லை. சாலையோரத்தில் வாசல் வைத்த நம் குடிசைக் குழந்தைகளின் மூக்கில்தான். இந்தியாவில் புகைக் கட்டுப்பாட்டு விதி பெட்ரோல் வண்டிக்கு 1991-இலும், டீசல் வண்டிக்கு 1992-இலும்தான் முதன்முதலில் வந்தது. அதற்கு முந்தைய வண்டிகள் எந்தக் கட்டுப்பாடும் இல்லாத காலத்தில் பிறந்தவை. எவ்வளவு சீர்செய்தாலும் அவை 2020-க்குப் பிறகு வந்த பாரத் ஸ்டேஜ் 6 வண்டிக்கு ஈடாகா. டீசல் வண்டிக்குத் தரும் புகைச் சான்று, கரும்புகையின் அடர்த்தியை மட்டுமே பார்க்கிறது. நுரையீரலில் தங்கும் நுண்துகளையோ, நைட்ரஜன் வாயுவையோ அது அளப்பதில்லை.

புகை மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. பழைய பிக்கப்பில் நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பல வண்டிகளில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பிரேக் எண்ணெய்க் குழாய். அது ஓரிடத்தில் வெடித்தால் நான்கு சக்கரமும் நிற்காது. சீட் பெல்ட் கிடையாது. மோதினால் ஸ்டீரிங் தண்டு நேரே நெஞ்சுக்கு வரும். இதையெல்லாம் மறைத்துவிட்டு, உரிமை உரிமை என்று கோஷமிடுவது உழைப்பாளிக்குச் செய்யும் துரோகமாகும்.

ஆகவே நம் நிலை தெளிவாக இருக்க வேண்டும். எல்லாப் பழைய வண்டியையும் என்றென்றும் ஓட விடு என்று நாம் கேட்கவில்லை. பிறந்த ஆண்டைப் பார்க்காதே, புகையையும் பிரேக்கையும் பார் என்கிறோம். நேர்மையாகச் சோதித்து, தேறினால் நியாயமான கட்டணத்தில் ஓட விடு. தேறாவிட்டால் நிறுத்து. ஆனால் நிறுத்தும்போது அந்தக் குடும்பத்தின் பிழைப்பையும் சேர்த்து நிறுத்திவிடாதே.

ஓட்டுகிறவர்கள் செய்ய வேண்டியது

அரசை நோக்கிக் கேட்பவர்கள் தம் கடமையையும் செய்ய வேண்டும். பழைய வண்டி வாங்க நினைக்கும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

புது வண்ணத்தைக் கண்டு மயங்காதீர்கள். துருப்பிடித்த சேசிஸ்மீது பட்டி பூசிப் பளபளப்பாக்குவது ஒரு நாள் வேலை. வண்டியை உயர்த்திக் கீழே படுத்துப் பாருங்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். எஞ்சின் மாற்றிய வண்டியென்றால், அந்த மாற்றத்தைப் போக்குவரத்து அலுவலகம் ஏற்றுப் பதிந்திருக்கிறதா என்று பாருங்கள். பதியாவிட்டால் விபத்து நேரும் நாளில் இன்ஷூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிடும். வாங்கும் விலையோடு எப்.சி. கட்டணம், வரி, இன்ஷூரன்ஸ், டயர் எல்லாவற்றையும் கூட்டிக் கணக்கெழுதுங்கள். வீட்டுச் செலவைக் கையாளும் தாய்மார்களை அருகில் வைத்துக்கொண்டு எழுதுங்கள். அவர்கள் கணக்கு தப்புவதில்லை.

வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால், முதல் செலவு வண்ணத்துக்கல்ல, பிரேக்குக்கு. மாஸ்டர் சிலிண்டர், லைனிங், குழாய் மூன்றையும் முதலில் மாற்றுங்கள். அடுத்து ஸ்டீரிங்கும் கிங் பின்னும். அடுத்து ஒயரிங். பழைய துணி சுற்றிய ஒயர் தீப்பிடிக்கக் காத்திருக்கும் திரி. ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாமல் கோடையில் மலைப்பாதை ஏறாதீர்கள்.

பெட்ரோல் வண்டி வைத்திருப்போர் இன்னொன்றும் அறிய வேண்டும். 2000-இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடெங்கும் நின்றது. பழைய எஞ்சினின் வால்வு இருக்கைகளுக்கு அந்த ஈயமே பாதுகாப்பாக இருந்தது. எஞ்சினைத் திறக்கும்போது கடினமான இருக்கை போடச் சொல்லுங்கள். 2025-இல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டிவிட்டது. எத்தனால் பழைய ரப்பர்க் குழாயையும் கார்புரேட்டரின் வாஷர்களையும் அரிக்கும். எத்தனால் தாங்கும் குழாயாக மாற்றாவிட்டால், சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டும்.

கடைசியாக ஒன்று. சரக்கு வண்டியின் பின்னால் ஆட்களை ஏற்றாதீர்கள். கோயில் விழாவானாலும், கல்யாணமானாலும், துக்க வீடானாலும் வேண்டாம். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவர் இறந்தால், இன்ஷூரன்ஸ் பணம் கிடைப்பது அரிது. அந்தப் பாரம் வண்டிக்காரர் தலையில் விழும். ஒரே நாளில் இரண்டு குடும்பம் நடுத்தெருவுக்கு வரும்.

அரசிடம் கேட்க வேண்டியது

நம் கோரிக்கைகள் நான்கு. ஒன்று, வயதை வைத்துக் கட்டணத்தை ஏற்றுவதை விட்டு, சோதனையில் தேறிய சொந்த உழைப்பு வண்டிக்கு எப்.சி. கட்டணத்தைக் குறைக்க வேண்டும். இரண்டு, எஞ்சின் மாற்றிய வண்டிகளைச் சோதித்து ஒழுங்குபடுத்தக் கால அவகாசமும் எளிய முறையும் வேண்டும். இடைத்தரகன் இல்லாமல் ஓர் உழைப்பாளி நேரே போய் முடிக்கக் கூடியதாக அது இருக்க வேண்டும். மூன்று, சோதனையில் தோற்ற வண்டியை ஒப்படைப்பவனுக்குப் பழைய இரும்பு விலையோடு, பொதுத்துறை வங்கியில் குறைந்த வட்டிக் கடனும் வேண்டும். ஒற்றை வண்டிக்காரனுக்கே அதில் முதலிடம் தர வேண்டும். நான்கு, வண்டிகள் அழிக்கப்படும்போது பட்டறைகளும் மூடப்படும். அந்தக் கைகளுக்கு மின்சார வண்டிப் பழுது பார்க்கும் பயிற்சி தர வேண்டும்.

2023 அக்டோபரில் மும்பைத் தெருவிலிருந்து கடைசிப் பத்மினி டாக்சி விடைபெற்றது. மாலை போட்டார்கள், கண்ணீர் வடித்தார்கள், ஒன்றையாவது அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். நல்லது. ஆனால் அதை 20 ஆண்டு ஓட்டியவன் அடுத்த மாதம் என்ன சாப்பிட்டான் என்று எத்தனை பேர் கேட்டார்கள்? வண்டிக்கு நினைவுச் சின்னம் எழுப்பும் சமூகம், வண்டிக்காரனை மறந்துவிடுகிறது.

ஆகவே தோழர்களே, இந்த மாதமே உங்கள் பகுதியில் சொந்த வண்டி வைத்துப் பிழைப்போரின் பட்டியலை எடுங்கள். எந்த வண்டி, எந்த ஆண்டு, எப்.சி. எப்போது முடிகிறது, எவ்வளவு கடன் என்று எழுதுங்கள். தமிழர் வண்டி மட்டுமல்ல, பக்கத்துச் சந்தின் மராட்டியர் வண்டியையும், பீகாரி வண்டியையும் சேர்த்தே எழுதுங்கள். சட்டம் மொழி பார்த்து வண்டியைப் பிடிப்பதில்லை. தனித்தனியாகப் போக்குவரத்து அலுவலகத்தின் வாசலில் நின்றால் தரகன்தான் நம்மிடம் பேசுவான். பட்டியலோடு சேர்ந்து போனால் அதிகாரி பேசியே தீர வேண்டும்.